முதுகில் வைத்த ராடு உடையுமா?

முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் எழுதிய பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, உள்ளே பொருத்தப்படும் உலோகம் எத்தனை காலம் தாங்கும் என்ற ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கின்றன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயதில் ஸ்கோலியோசிஸ் என்று சொல்லி, இரண்டு டைட்டானியம் ராடுகளும் பல ஸ்க்ரூக்களும் வைத்து முதுகை நேராக்கினார்கள். மூன்று ஆண்டுகள் ஆகின்றன, நன்றாக இருக்கிறாள். உறவினர் ஒருவர், தமக்குத் தெரிந்த பெரியவருக்கு ராடு உள்ளேயே முறிந்துவிட்டது என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவ்வளவு வலுவான உலோகம் உடம்புக்குள் எப்படி உடையும்? (ஒரு தாய், நாமக்கல்)

பதில்: அம்மா, உங்கள் மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வளரிளம் பருவத்தில் எலும்பு விரைவாக ஒட்டிக்கொள்ளும். மூன்று ஆண்டுகள் கடந்து, வலி இல்லாமல், நிமிர்த்திய நிலை மாறாமல் இருக்கிறாள் என்றால், அவளுடைய ராடுகள் செய்ய வேண்டிய வேலையைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டன என்றே கொள்ளலாம். உறவினர் சொன்ன பெரியவரின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள, உலோகம் எப்படி முறிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கட்டடம் கட்டும் இடத்தில் கொத்தனார் கட்டுக்கம்பியை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அதை இழுத்து அறுப்பதில்லை. அப்படி இழுத்தால் கைதான் அறுபடும். இப்படியும் அப்படியுமாக நாலைந்து முறை மடக்குகிறார், கம்பி தானாகக் கையோடு வந்துவிடுகிறது. ஒரே தடவையில் உடைக்க முடியாத உலோகத்தை, அதைவிடப் பன்மடங்கு குறைந்த விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து உடைக்கலாம் என்பதே இதில் உள்ள சூட்சுமம். பொறியியலில் இதை உலோகச் சோர்வு என்பார்கள். முதுகில் உள்ள ராடை யாரும் கொத்தனாரைப் போல மடக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும், குனியும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து மீள்கிறது. நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவர் ஓர் ஆண்டில் 18 லட்சம் அடிக்கு மேல் நடக்கிறார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியை உலோகவியல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

அந்தச் சுமை எவ்வளவு என்பதற்கும் அளவு இருக்கிறது. ஜெர்மனியின் உல்ம் நகரில், தாமே முன்வந்த ஒருவரின் இடுப்புப் பகுதி வட்டுக்குள், அதாவது டிஸ்குக்குள், அழுத்தமானியைச் செலுத்தி அன்றாட அசைவுகளில் அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல் இருந்த அழுத்தம், நிற்கும்போது 0.5 ஆகவும், முன்புறம் குனிந்து நிற்கும்போது 1.1 ஆகவும், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கும்போது 2.3 ஆகவும் ஏறியது. அதே எடையை முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது 1.7-ஆகக் குறைந்தது. மருத்துவர்கள் ‘குனிந்து தூக்காதீர்கள்’ என்று சலிப்பூட்டும் அளவுக்குச் சொல்வதற்குப் பின்னால் இத்தகைய கணக்குகள் இருக்கின்றன.

அப்படியானால் எல்லா ராடுகளும் ஒருநாள் உடைய வேண்டுமே என்று கேட்பீர்கள். உடைவதில்லை, ஏனென்றால் ராடு ஆயுள் முழுவதும் சுமை தாங்குவதற்காக வைக்கப்படுவதே அல்ல. தளம் போடும்போது அடியில் சென்ட்ரிங் பலகையும் முட்டும் கொடுத்து, கான்கிரீட் இறுகும் வரை அவற்றைத் தாங்கவிடுகிறோம் அல்லவா? ராடும் ஸ்க்ரூவும் அந்த சென்ட்ரிங். நிமிர்த்திய எலும்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, எலும்புத் துகள்களை மேலே பரப்பி, அவை ஒரே எலும்பாக இறுகும் வரை அசையாமல் பிடித்திருப்பதே அதன் பணி. இறுகுவதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டும், பெரியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். இறுகிவிட்டால் சுமை எலும்பின் வழியாகப் போகிறது, ராடு சும்மா இருக்கிறது. கட்டடத்தில் பலகையைப் பிரித்துவிடுவோம். முதுகில் பிரிப்பதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த பால் ஹாரிங்டன், கொக்கிகளுடன் கூடிய எஃகு ராடை உருவாக்கி 1962-இல் விரிவாக எழுதினார். தொடக்கத்தில் அவர் எலும்பை ஒட்டவைக்காமல் ராடை மட்டும் வைத்துப் பார்த்தார். கொக்கிகள் கழன்றன, ராடுகள் முறிந்தன. அதன் பிறகே ராடோடு எலும்பு இணைப்பையும் சேர்த்துச் செய்யத் தொடங்கினார். எலும்பு ஒட்டுவது முந்துமா, உலோகம் உடைவது முந்துமா என்ற அந்தப் பந்தயம்தான் இன்றுவரை இந்தத் துறையின் அடிப்படை. உங்கள் மகளின் முதுகில் எலும்பு முந்திக்கொண்டது. உறவினர் சொன்ன பெரியவருக்கு உலோகம் முந்திக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 63 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். முன்புறம் சரிந்துபோன முதுகை, இடுப்பில் எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி நிமிர்த்தினார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து, குளியலறையில் திரும்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். எக்ஸ்ரேயில் இரண்டு ராடுகளில் ஒன்று முறிந்திருக்கிறது. ஒரு மருத்துவர் மறு அறுவை என்கிறார், இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். பொருள் தரமற்றதா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, இரு மருத்துவர்களும் முரண்பட்டுப் பேசுவதாகத் தோன்றினாலும், இருவருக்கும் தேவைப்படும் விடை ஒன்றுதான்: முறிந்த இடத்துக்கு அருகே எலும்பு ஒட்டியிருக்கிறதா? இதைச் சாதாரண எக்ஸ்ரே சரியாகச் சொல்லாது. மெல்லிய படலங்களாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஓரளவு நன்றாகச் சொல்லும். எலும்பு முழுமையாக ஒட்டி, நிமிர்வும் மாறாமல், வலியும் இல்லாமல் இருந்தால், முறிந்த ராடை அப்படியே விட்டுவைத்துக் கண்காணிப்பது தவறல்ல. ஒட்டவில்லை என்றால், மிஞ்சிய ஒற்றை ராடு இருவர் சுமையைத் தனியே சுமக்கிறது. அதுவும் போகும் நாளைக் காத்திருந்து பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வலி கூடுகிறதா, மறுபடி முன்புறம் சரிகிறீர்களா, காலில் மரத்துப்போதலோ பலவீனமோ வருகிறதா என்பவற்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கு நடந்தது அரிதான விபத்தும் அல்ல. பெரியவர்களின் முதுகு வளைவு அறுவை குறித்து அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ராடு முறிவு மொத்தத்தில் 9 சதவீதத்தினருக்கும், உங்களுக்குச் செய்ததைப் போல எலும்பை ஆப்பாக வெட்டி நிமிர்த்தியவர்களில் 22 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. காரணம் வெளிப்படை. வெட்டிய இடத்தில்தான் ராடை அதிகமாக வளைத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. அங்கேதான் எலும்பின் ஆதரவும் தற்காலிகமாகக் குறைகிறது. இடுப்பு முள்ளெலும்புகளுக்கும் அவற்றுக்குக் கீழே உள்ள திரிகம் என்ற எலும்புக்கும் நடுவே சுமையும் மிக அதிகம். அதனால்தான் இப்போது அத்தகைய இடங்களில் இரண்டுக்குப் பதில் மூன்று அல்லது நான்கு ராடுகள் வைப்பதும், முன்பக்கத்தில் வட்டு இருந்த இடத்தில் கூண்டு வடிவத் துண்டைச் செருகிச் சுமையைப் பங்கிடுவதும், கீழ்முனையை இடுப்பெலும்பு வரை ஸ்க்ரூவால் நீட்டிப் பிடிப்பதும் வழக்கமாகிவருகின்றன.

பொருள் தரமற்றதா என்ற கேள்விக்கு, முறிந்த துண்டே பாதி விடையைத் தன் மேல் எழுதி வைத்திருக்கும். மறு அறுவையில் எடுத்த ராடின் முறிந்த முகத்தைக் கழுவித் துடைத்து உருப்பெருக்கியின் கீழ் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். ஓரத்தில் ஒரு புள்ளி தெரியும். விரிசல் பிறந்த இடம் அது. அந்தப் புள்ளியைச் சுற்றி, ஆற்றில் வெள்ளம் வடிய வடிய மணலில் ஒன்றன் பின் ஒன்றாகப் படியும் கோடுகளைப் போலப் பிறைப் பிறையாக வரிகள் போகும். ஒவ்வொரு வரியும் விரிசல் சற்று நின்று மீண்டும் முன்னேறியதன் தடம். எதிர்ப்புறத்தில் மட்டும் கரடுமுரடாக ஒரு சிறு பகுதி இருக்கும். நீங்கள் கேட்ட ‘டக்’ அந்தச் சிறு பகுதி கடைசியாக முறிந்த சத்தம். மற்ற பகுதி அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே சத்தமில்லாமல் பிரிந்துகொண்டிருந்தது. எனவே குளியலறையில் திரும்பியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். உலோகத்துக்குள்ளேயே குறை இருந்திருந்தால், விரிசல் பிறந்த இடத்தில் அதன் அடையாளம் இருக்கலாம்; பெரும்பாலும் கிடைப்பது, அறுவையின்போது ராடை வளைத்த கருவியின் பல் பதிந்த சிறு தழும்புதான்.

மறு அறுவை செய்வதானால் முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர்களை எடுத்துச் செல்லுங்கள். ராடின் உலோகம், விட்டம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். எந்த ஸ்க்ரூவுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பது தெரியாமல் அறுவை அரங்கில் திண்டாடுவதை அது தவிர்க்கும். உடைந்த கருவிகளைப் பற்றிய தகவலைப் பதிவு செய்ய, காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தை மையமாகக் கொண்டு 2015 முதல் ஒரு தேசியத் திட்டம் இயங்குகிறது. உங்கள் மருத்துவர் அதில் பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும்.

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். எஃகும் கோபால்ட் குரோமும் டைட்டானியத்தைவிட விறைப்பானவை. பிறகு ஏன் டைட்டானியம்? விற்பனைக்கு முன் ராடை எப்படிச் சோதிக்கிறார்கள்? (ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, விறைப்பு வேறு, சோர்வைத் தாங்கும் திறன் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விறைப்பின் அளவான மீள்தன்மைக் குணகம் டைட்டானியக் கலவைக்கு ஏறக்குறைய 110 கிகாபாஸ்கல், எஃகுக்கு 190-க்குச் சற்று மேல், கோபால்ட் குரோமுக்கு 220-ஐ ஒட்டி; எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கோ 20-ஐத் தாண்டாது. டைட்டானியம் எலும்புக்குச் சற்று அருகில் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. படத்தை மற்ற இரண்டையும் போலக் கெடுப்பதில்லை; நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஏற்றது. அதன் பெரிய பலவீனம் தழும்பு. வழவழப்பான டைட்டானியம் ராடு சோர்வை நன்றாகவே தாங்கும். ஆனால் வளைக்கும் கருவி அதன் மேல் பதித்த ஒரு சிறு பள்ளம், அதன் சோர்வு ஆயுளை எஃகைவிடக் கூடுதலாகக் குறைத்துவிடும். ஒரு முறை வளைத்ததைத் திரும்ப நிமிர்த்தி மீண்டும் வளைப்பது அதைவிடக் கேடு. தொழிற்சாலையிலேயே வளைத்துத் தரும் ராடுகள் வந்ததற்கு இது ஒரு காரணம்.

உலோகத்தை மாற்றுவதைவிட விட்டத்தை மாற்றுவது எவ்வளவு செய்யும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வளைவு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதம். 5.5 மில்லிமீட்டர் ராடை 6 மில்லிமீட்டராக்கினால் விறைப்பு சுமார் 42 சதவீதம் கூடுகிறது, 6.35-ஆக்கினால் 78 சதவீதம். அரை மில்லிமீட்டரில் இவ்வளவு இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாலும், கையில் இரண்டு ராடுகளையும் வைத்து வளைத்துப் பார்க்கும்போதுதான் அது உறைக்கும்.

சோதனையைப் பொறுத்தவரை, பொருள்களின் சோதனைத் தரங்களை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் எஃப் 1717 என்ற நெறிமுறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இரண்டு பாலிஎத்திலீன் கட்டைகளை முள்ளெலும்புகளாகப் பாவித்து, நடுவில் ஓர் எலும்பையே எடுத்துவிட்டதைப் போல இடைவெளி விட்டு, ஸ்க்ரூக்களாலும் ராடுகளாலும் இணைத்து, 50 லட்சம் முறை அழுத்தி விடுவிப்பார்கள். நொடிக்கு 5 முறை வீதம் ஓட்டினாலும் ஒரு மாதிரிக்கு 11 நாட்களுக்கு மேல் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும். முன்பக்க ஆதரவே இல்லாத கடுமையான நிலை அது என்பதால் ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட உதவுகிறது. ஆனால் அந்தக் கட்டைக்கு எலும்புத் தேய்மானம் கிடையாது, அது புகைபிடிப்பதும் இல்லை. நேர் ராடை வைத்துச் சோதித்த முடிவு, அரங்கில் வளைத்துத் தழும்பேற்றிய ராடுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், இந்த இடைவெளியில் நிறைய வேலை இருக்கிறது.

கேள்வி: எனக்கு 68 வயது. கூன் முதுகுக்கு அறுவை தேவை, ஆனால் எலும்பு மெலிந்திருப்பதால் ஸ்க்ரூ பிடிக்காமல் போகலாம், சிமென்ட் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். சிமென்ட் வைத்தால் கவலை இல்லையா? இன்னும் வலுவான ராடு கிடைத்தால் போதாதா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் ஆணி வளையாது, சுவர்தான் உதிரும். உங்கள் நிலையில் உடையப்போவது உலோகம் அல்ல, உலோகத்தைப் பிடித்திருக்கும் எலும்பு. ஸ்க்ரூவின் பிடிப்பில் பெரும்பங்கு, முள்ளெலும்பின் பின்பகுதியையும் உடற்பகுதியையும் இணைக்கும் பெடிக்கிள் என்ற குறுகிய கழுத்திலிருந்து வருகிறது. எலும்பு மெலிந்திருந்தால் ஒவ்வோர் அசைவிலும் ஸ்க்ரூ தன்னைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பண்ணிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் அதைச் சுற்றிக் கரிய விளிம்பு தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். ஸ்க்ரூவைச் சுற்றி எலும்புக்குள் செலுத்தி இறுகவிடும் எலும்புச் சிமென்ட் அந்தப் பிடிப்பைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இரத்தக் குழாய் வழியே கசிந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும், பின்னால் ஸ்க்ரூவை எடுக்க நேர்ந்தால் சிரமமும் உண்டு. எல்லா ஸ்க்ரூவுக்கும் அல்லாமல், மேல்முனை, கீழ்முனை போன்ற சில இடங்களுக்கு மட்டும் வைப்பதே பெரும்பாலும் போதும்.

வலுவான ராடு என்பது நினைப்பதற்கு நன்றாக இருக்கிறது. விறைப்பான ராடு தன் சுமையை விழுங்கிவிடுவதில்லை; அதை அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது. ராடு முடியும் இடத்துக்கு மேலே உள்ள முள்ளெலும்பு நொறுங்கி, அங்கே புதிதாக ஒரு கூன் விழுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். மெலிந்த எலும்பில் மிக விறைப்பான ராடு வைப்பது பல நேரங்களில் இந்தச் சிக்கலைத்தான் வரவழைக்கிறது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். எலும்பு அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் முதுகில் மட்டும் பார்த்தால் ஏமாற நேரிடும். வயதான முதுகில் வளர்ந்திருக்கும் எலும்பு முட்கள் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். இடுப்பு மூட்டின் அளவையும், சி.டி. ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெக்ஸா அறிக்கையில் அடர்த்தியைக் குறிக்கும் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால், அவசரமில்லாத அறுவையைச் சில மாதங்கள் தள்ளி, தெரிபாராடைடு போன்ற எலும்பு வளர்க்கும் ஊசியைத் தொடங்கலாமா என்று கேட்பது உங்கள் உரிமை. வைட்டமின் டி குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வது இதைவிடவும் எளிது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அவர்களை வெளியே அனுப்புங்கள். நோயாளியே புகைபிடித்தால், எலும்பு ஒட்டாமல் போக அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

கேள்வி: ஐந்து வயதுப் பேரனுக்கு வளரும் ராடு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் ராடு உடைந்துவிட்டது. மருத்துவர் பதறவே இல்லை, எங்களுக்குத்தான் கோபம். (ஒரு தாத்தா, மதுரை)

பதில்: ஐயா, அவர் பதறாததற்குக் காரணம் உண்டு. முதல் கடிதத்துக்கான பதிலில் சொன்ன பந்தயம் உங்கள் பேரனின் முதுகில் நடக்கவே இல்லை. நெஞ்சும் நுரையீரலும் வளர வேண்டிய வயதில் எலும்பை ஒட்டவைத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால், நடுப்பகுதியை வேண்டுமென்றே ஒட்டாமல் விட்டு, இரு முனைகளில் மட்டும் பிடித்திருக்கிறார்கள். எலும்பு வந்து சுமையை வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ராடு ஆண்டுக்கணக்கில் தனியாகச் சுமக்கிறது. ஹாரிங்டன் தொடக்கத்தில் கண்ட நிலை இது, இந்த முறை தெரிந்தே ஏற்றுக்கொண்டது. உடைந்தால் அடுத்த நீட்டலின்போது மாற்றிவிடலாம். இந்த வாய்ப்பை அறுவைக்கு முன்பே உங்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

தோலைத் திறக்காமல் வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் ராடுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அடிக்கடி மயக்க மருந்து கொடுப்பதை அவை தவிர்க்கின்றன. ஆனால் நீளும் பகுதிக்குள் நுண்ணிய இயந்திர அமைப்பு இருப்பதால் உராய்ந்து தேய்ந்து, சுற்றியுள்ள சதையில் உலோகத் துகள்கள் கருமையாகப் படிவது பின்னர் தெரியவந்தது. பிரிட்டனின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் அவற்றைப் புதிதாகப் பொருத்துவதை நிறுத்தி வைக்கச் சொன்னது.

கேள்வி: இடுப்பெலும்பு வரை ராடு வைத்த பிறகு தரையில் உட்காரலாமா, டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போகலாமா? எலும்பு ஒட்டிய பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: எடுக்க வேண்டாம். கிருமித் தொற்று, தோலுக்கடியில் ஸ்க்ரூ துருத்தி வலிப்பது போன்ற காரணங்கள் இருந்தால் அன்றி, எலும்போடு ஒன்றிப்போன உலோகத்தைத் தேடி எடுப்பது பெரிய அறுவை; எடுத்த பிறகு நிமிர்வு சற்றே தளர்வதும் உண்டு. தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், தாழ்வான கழிப்பறையில் குந்துவதும் இடுப்புக்கும் திரிகத்துக்கும் இடையிலேயே ராடை வளைக்கின்றன. எலும்பு ஒட்டியது என்று மருத்துவர் சொல்லும் வரை நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையும் போதும். அதற்குப் பிறகும் உட்கார முடிகிறதா என்பது இடுப்பு மூட்டின் நெகிழ்வைப் பொறுத்தது. டூவீலரில் ஓட்டுநரைவிடப் பின்னால் இருப்பவர்தான் ஸ்பீடு பிரேக்கரைத் தாமதமாகக் கவனிக்கிறார், அடியை முழுதாக வாங்குகிறார். முதல் ஆறு மாதம் பேருந்திலும் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கடைசி இருக்கையில் ஒருபோதும் உட்காராதீர்கள்.